அத்தானின் இடுப்புப் பையும் அரபு நாட்டுச் சீர்திருத்தமும்

அரபு நாடுகளின் பொருளாதாரத்தைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறேன். ஆனால் அரபு மண்ணில் நான் இதுவரை நின்றது துபாய் விமான நிலையத்துப் பெண்கள் கழிப்பறை வரிசையில் மட்டும்தான். அதுவும் மண் இல்லை, பளிங்கு. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் காலமெல்லாம் பொருளாதாரம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். மானியம், எண்ணெய் விலை, புதிய வரி என்று எதைக் கேட்டாலும் மூச்சு விடாமல் பேசுவேன். அங்கே டீ எப்படி இருக்கும் என்று கேட்டால் முழிப்பேன். இந்த லட்சணத்தில்தான் அரபுப் பொருளாதார நிபுணர் என்று பட்டம் கட்டி என்னை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டது வசந்தாக்கா. என் கூடப் பிறந்தவள். அவளும் சங்கரன் அத்தானும் டெக்சாஸில் ஆலன் என்ற ஊரில் மகள் நித்யா வீட்டுக்கு விசிட் போயிருந்தார்கள். போனில் நலம் விசாரிப்பு ஒன்றும் கிடையாது. "ஏட்டி செல்வி, நித்யா சவுதிக்கு வேலைக்குப் போகணும்னு நிக்கா. இவரு அவகூடப் பேசுதத நிறுத்திட்டாரு. நீ வந்து அவளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லு" என்றாள்.

நித்யா ரயில் சிக்னல் இஞ்சினியர். அமெரிக்காவில் படித்து, அங்கேயே வேலை, வீடு, பிரபு என்று ஒரு நல்ல மாப்பிள்ளை, எட்டு வயதில் ஐரா என்று ஒரு மகள். அவளை ரியாத்தில் ஒரு ரயில் திட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எண்ணெயை மட்டும் நம்பி எத்தனை காலத்துக்குத்தான் குடித்தனம் நடத்துவது என்று சவுதியில் ரயில், சுற்றுலா, சினிமா தியேட்டர் எனப் புதுப்புது வேலைகளில் இறங்கியிருக்கிறார்களே, அதில் ஒன்று. என் புத்தகத்தில் இதற்கு ஒரு அத்தியாயமே உண்டு. அந்த அத்தியாயம் எங்கள் வீட்டுக்குள்ளேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்காரும் என்று யார் கண்டது?

அத்தானுக்கு ஏன் கோபம் என்றும் சொல்லிவிடுகிறேன். அவர் அதே சவுதியில், தம்மாமில் பதினெட்டு வருஷம் ஏசி மெக்கானிக். ஊர் குளிரட்டும் என்று இவர் மொட்டை மாடிகளில் வெந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நித்யா படித்தாள். மகள் அந்த மணலை மிதிக்கக் கூடாது என்றுதான் அவர் அத்தனை வருஷம் மிதித்தார். இப்போது அவளே அமெரிக்காவை விட்டுவிட்டு அங்கே போகிறேன் என்கிறாள். அப்பா சரி என்று சொல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறாள். நான் ஆலனில் இருக்கப்போகும் அந்த வாரக் கடைசிக்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

அத்தான் லேசுப்பட்டவர் இல்லை. ஆலன் தமிழ்ச் சங்கத்தில் அவரே பேசி எனக்கு ஒரு கூட்டம் ஏற்பாடு பண்ணிவிட்டார். நான் கொடுத்த தலைப்பு, அரபு நாடுகளின் பொருளாதாரச் சிக்கல்களும் சீர்திருத்தங்களும். போஸ்டரில் வந்தது, அரபு நாடுகளின் பொருளாதாரச் சிக்கல்கள். சீர்திருத்தம் எங்கே போச்சு அத்தான் என்று போனில் கேட்டேன். போஸ்டரில் இடம் பத்தவில்லையாம். என் போட்டோவை மட்டும் பாதிப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள்.

அமெரிக்கா என்றால் ஒரு ஊர் என்ற நினைப்பு எனக்கு. நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் என் கல்லூரித் தோழி மல்லிகா இருக்கிறாள், போகிற வழியில் இறங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். நாங்குநேரியில் இறங்கி டீ குடித்துவிட்டு வள்ளியூர் போவது மாதிரி. நியூ ஜெர்சிக்கும் டெக்சாஸுக்கும் நடுவில் எத்தனை மாநிலம் கிடக்கிறது என்று மேப்பைப் பார்த்ததும் தலை சுற்றியது. சொன்ன சொல்லை மாற்ற முடியாதே, போனேன்.

விமான நிலையத்திலிருந்து எடிசனுக்கு என்னை ஏற்றிக்கொண்ட டாக்ஸிக்காரர் எகிப்துக்காரர், பெயர் மக்தி. என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டார். அரபு நாட்டுப் பொருளாதாரம் பற்றிப் பேச என்றேன். மனுஷன் சிரித்த சிரிப்பில் திரும்ப வேண்டிய எக்ஸிட் போய்விட்டது. அந்த ஊர் ஹைவேயில் ஒரு எக்ஸிட்டை விட்டால் அவ்வளவுதான், அடுத்த ஊர் வரைக்கும் விதி விட்ட வழி. கண்ணைத் துடைத்துக்கொண்டே, எங்களுக்கே விளங்காதது உங்களுக்கு எப்படி அம்மா விளங்கிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சுற்றிக்கொண்டு போன நேரத்தில் பேச்சு ரொட்டிக்கு வந்தது. எகிப்தில் மானிய விலை ரொட்டிக்கு ஒரு கார்டு உண்டு. நம் ரேஷன் கார்டுக்கு அத்தை மகன். அதைக் காட்டி வரிசையில் நின்று சுடச்சுட வாங்கிப் போவார்கள். எங்கள் ஊரில் அரிசி, உங்கள் ஊரில் ரொட்டி என்றேன். எங்களுக்குப் பொங்கலுக்குக் கரும்பும் உண்டு என்று கொஞ்சம் பீற்றிக்கொண்டேன். அங்கே பணத்தின் மதிப்பு இறங்கி, மானியத்தையும் குறைக்கிறார்கள். அவர் அம்மா கெய்ரோவில் இருக்கிறாராம். ரேடியோவில் சீர்திருத்தம் என்ற வார்த்தை வந்தால் அந்தம்மா முழுச் செய்தியும் கேட்பதில்லையாம், பையை எடுத்துக்கொண்டு சர்க்கரை வாங்கக் கிளம்பிவிடுவாராம். என் புத்தகத்தில் இதற்கு நான் பதினைந்து பக்கம் செலவு பண்ணியிருக்கிறேன்.

மல்லிகா வீட்டு பேஸ்மென்ட்டில் ஒரு சின்னக் கூட்டம். பேசி முடித்ததும் கேள்வி நேரம். துபாயில் தங்கம் இன்னும் மலிவா என்று ஒரு ஆன்ட்டி. அங்கே ஃப்ளாட் வாங்கலாமா என்று ஒரு அங்கிள். பெட்ரோல் விலை குறையுமா என்று மீதி எல்லோரும். எண்ணெய் விலை விழுந்தால் வளைகுடாவில் நம் ஆட்களுக்கு வேலை போகுமே என்றேன். ஆமாம் பாவம்தான், ஆனால் எவ்வளவு குறையும் என்று கேட்டார்கள். சமோசா மட்டும் நன்றாக இருந்தது.

அடுத்து அமெரிக்காவின் மேற்குக் கோடியில் சான் ஹோசே. அங்கே போனதற்குக் காரணம் நித்யா. ஆபீஸ் வேலையாக அங்கே வந்திருந்தாள். ஆலனில் அப்பா இருக்கும்போது பேச முடியாது சித்தி, இங்கே வந்துடுங்க, சேர்ந்தே ஃப்ளைட் புடிச்சுப் போயிடலாம் என்று மெசேஜ் அனுப்பியிருந்தாள். சந்திக்க ஒரு ஏமன் நாட்டுக் காபிக்கடையைச் சொன்னாள். சாயந்திரம் அந்தக் கடையில் நிற்க இடமில்லை. ஏலக்காய் போட்டுப் பாலில் காய்ச்சிய டீ வந்தது. ஒரு வாய் குடித்தேன். பாளை பஸ் ஸ்டாண்டில் குடிக்கிற அதே டீ! விலையை மட்டும் கேட்காதீர்கள். கூடவே தேன் ஊற்றின பன், உள்ளே வெண்ணெய்க்கட்டி. இரண்டாவதும் வாங்கச் சொன்னேன்.

கல்லாவில் இருந்த பையனிடம் சும்மா இருக்க முடியாமல் ஏமன் நோட்டைப் பற்றிக் கேட்டேன். சண்டையில் நாடு இரண்டாகி, ஒரே ரியாலுக்கு சனாவில் ஒரு மதிப்பு, ஏடனில் ஒரு மதிப்பு. பையன், தன் மாமா கல்யாணத்தில் பெண் வீடு ஏடன், மாப்பிள்ளை வீடு சனா, மொய் எந்த நோட்டில் வைப்பது என்று இரண்டு வீட்டாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்றான். நம் ஊராக இருந்தால் இதற்கே கல்யாணம் நின்றிருக்கும்.

நித்யாவை நான் பயமுறுத்தத்தான் வந்திருந்தேன். அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேனே. அங்கே புதுசாக வரி போட்டிருக்கிறார்கள், குடும்பத்தைக் கூட்டிப் போனால் தலைக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும், வேலையெல்லாம் இனி உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே என்று சட்டம் வருகிறது என்று வரிசையாக அடுக்கினேன். அவள் பன்னைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியும் சித்தி. என் வேலையே அதுதான். அஞ்சு வருஷத்துல ஒரு சவுதி டீமை ட்ரெயின் பண்ணிக் குடுத்துட்டு வரணும். அதுல பாதிப் பேர் பொண்ணுங்க. டெக்சாஸ்ல நான் டிசைன் பண்ணின ரயில் ஒண்ணுகூட இன்னும் பேப்பரை விட்டு இறங்கல. அங்க நான் போடற சிக்னல்ல நெஜமாவே ரயில் ஓடும்."

அப்போ அமெரிக்காவிலேயே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்த கிரீன் கார்டு என்றேன். ஐரா காலேஜ் முடிச்சப்புறம் வரலாம் என்றாள். நம் ரேஷன் கடையில்கூட இன்று சரக்கு இல்லை என்று போர்டு மாட்டி வைப்பார்கள். அமெரிக்காவில் அதுவும் செய்யாமல் வரிசையை மட்டும் நிற்க வைத்திருக்கிறார்கள். எனக்கு அவள் பக்கம் சாய்ந்துவிட்டது மனசு. அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று விமானத்தில் முழுக்க யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை, தூங்கிவிட்டேன்.

டாலஸ் விமான நிலையத்தில் அத்தான் தூரத்திலேயே தெரிந்தார். ஒரு கை ஆட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கை இடுப்புப் பையின் மேல். அந்தப் பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கறுப்பு ஜிப் பை, தம்மாமை விட்டுக் கிளம்பிய அன்று வாங்கினது. உள்ளே அவர் பாஸ்போர்ட். வாக்கிங், கோயில், காய்கறிக் கடை எங்கே போனாலும் அது இடுப்பில். ஒரு கை எப்போதும் அதன் மேல். தெருவில் எல்லோருக்கும் பொதுவான நீச்சல் குளத்தில் காலை நனைத்தபோதும் அதைக் கழற்றவில்லையாம், பேரப்பிள்ளை மானம் போகிறது என்று அழுதிருக்கிறாள். டிராயரில் வைங்கப்பா, இங்கே யாரும் எடுக்க மாட்டாங்க என்று நித்யா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

மச்சினிக்கு அத்தானைக் கேலி பண்ணும் உரிமை பிறப்பிலேயே உண்டு. "என்ன அத்தான், உள்ளே எண்ணெய்க் கிணத்துப் பத்திரமா?" என்றேன். சிரித்தார். நித்யா பக்கம் மட்டும் பார்க்கவில்லை. காரில், ஐரா, உங்க அம்மாகிட்ட ஏசியைக் குறைக்கச் சொல்லு என்றார். அம்மா, தாத்தா வான்ட்ஸ் லெஸ் ஏசி என்றது பிள்ளை. முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் தூதர் வைத்துப் பேசிக்கொண்ட ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

சங்கக் கூட்டம் சனிக்கிழமை மத்தியானம். பாட்லக், அதாவது வீட்டுக்கு ஒரு பாத்திரம் சமைத்துக் கொண்டுவருவது. யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் தலையைப் பிய்த்துக்கொண்டு சொல்லியிருந்தார்கள். வேலைக்குப் போகிற பெண்கள், சனிக்கிழமை காலையில் எது சுலபம்? மேஜை முழுக்கத் தயிர் சாதம். மாதுளை போட்டது, திராட்சை போட்டது, மோர் மிளகாயோடு, கேரட் துருவலோடு. புளியோதரை ஒரே ஒரு பாத்திரம், அதற்குப் பெரிய வரிசை. திட்டத்துக்கு அடங்காத சந்தை எப்படி இருக்கும் என்று வகுப்பில் அத்தனை வருஷம் கஷ்டப்பட்டு விளக்கியிருக்க வேண்டியதில்லை. அப்புறம் குழந்தைகள் நடனம். அதற்கப்புறம்தான் நான். தயிர் சாதம் சாப்பிட்ட கூட்டத்துக்கு முன்னால் பொருளாதாரம் பேசுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

முதல் பாதி சிக்கல்கள். எண்ணெய் விலையின் ஆட்டம், மானிய வெட்டு, வேலையில்லாத இளைஞர்கள். லெபனானில் சேமித்த பணத்தை பேங்க்கிலிருந்து எடுக்க முடியாமல் ஜனங்கள் தவித்த கதை. முதல் வரிசையில் அத்தான் ஒவ்வொரு சிக்கலுக்கும் தலையாட்டினார். நித்யாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார், கேட்டியா என்கிற மாதிரி. இன்னும் ஐந்து நிமிஷம் என்று சீட்டு வந்தது. உட்கார்ந்திருக்கலாம். அக்காவுக்குக் கொடுத்த வாக்கும் நிறைவேறியிருக்கும். ஆனால் என் தலைப்பை வெட்டினவர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாரே, வாய் சும்மா இருக்கவில்லை.

போஸ்டரில் இடமில்லாத விஷயத்துக்கு வருகிறேன் என்றேன். சவுதியில் இப்போது பெண்கள் கார் ஓட்டுகிறார்கள், வேலைக்கு வருகிறார்கள். முதலாளி சம்மதம் இல்லாமலே தொழிலாளி வேறு வேலைக்கு மாற வழி வந்திருக்கிறது. அடுத்தவர் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம்.

அத்தான் எழுந்து நின்றார். கேள்வி நேரம் இன்னும் வரவில்லை. கை பையின் மேல் இருந்தது.

"சட்டம் இருக்கும், செல்வி. லாக்கரும் இருக்கும். என் பாஸ்போர்ட்டை அவன் பூட்டி வச்சப்பவும் சட்டம் இருந்துச்சு."

தூங்கினவர்கள் எல்லாம் விழித்துக்கொண்டார்கள். அவர் மைக் இல்லாமலே பேசினார். நித்யாவுக்கு நாலு வயசில் மூளைக் காய்ச்சல் வந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மேனேஜர் லீவில் போயிருந்ததையும், லாக்கர் சாவி அவன் பையில் போனதையும், வாசலில் தினமும் போய் நின்றதையும் சொன்னார். பாஸ்போர்ட் கைக்கு வந்து இவர் ஊர் சேர்ந்தபோது பிள்ளை பிழைத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். இந்த மாமா எப்ப போவாரு என்று நித்யா தன் அம்மாவிடம் கேட்டதை என் காதால் கேட்டேன். அத்தான் அதை மட்டும் கூட்டத்தில் சொல்லவில்லை.

அத்தான் சொல்வது உண்மை, காகிதத்தில் மாறினதெல்லாம் நடப்பில் மாறிவிட்டது என்று நான் சத்தியம் பண்ண முடியாது, அங்கே இன்னும் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். செயலாளர் ஓடி வந்து பொன்னாடை போர்த்தினார். பதற்றத்தில் அத்தானுக்கும் ஒன்று போர்த்திவிட்டார்.

வீட்டுக்கு வந்து மீந்த தயிர் சாதத்தை அக்கா டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் பொன்னாடையோடு சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நித்யா வந்து அவர் எதிரில் நின்றாள். ஐராவைக் கூப்பிடவில்லை.

"இதை ஏம்ப்பா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

அவள் இன்னும் கிட்டே வந்தாள்.

"என் பாஸ்போர்ட் டிராயர்லதான் இருக்கு. யாரும் பூட்டல. ஆனா ஊருக்கு வந்தா விசா ஸ்டாம்பிங்ல மாட்டிக்குவேன், திரும்ப விட மாட்டாங்கன்னு பயந்துக்கிட்டு வருஷக்கணக்கா வரலையே. போன வருஷம் உங்களுக்கு ஹார்ட் ஆபரேஷன் நடந்தப்ப நான் எங்கப்பா இருந்தேன்? போன்லதான் இருந்தேன்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அத்தான் பொன்னாடையைக் கழற்றி மடித்தார். பிறகு, ரியாத்திலிருந்து நம்ம ஊர்ப் பக்கம், திருவனந்தபுரத்துக்கு நேர் ஃப்ளைட் இருக்கா என்று கேட்டார். என்னிடம் இல்லை, ஐராவிடம் இல்லை, அவளிடமே கேட்டார். இருக்குப்பா, காலையில ஏறினா சாயந்திரம் உங்க வீட்டுக் காபி என்றாள். அவர் எழுந்து போய்ப் படுத்துவிட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு ஆம்பளைகள் முக்கியமான முடிவெல்லாம் இப்படித்தான் எடுப்பார்கள், நாம்தான் காத்துக் கிடக்க வேண்டும்.

மறுநாள் நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். காலையில் காபிக்கு வந்தால் சாப்பாட்டு மேஜை மேல் அந்தக் கறுப்புப் பை கிடந்தது. ஜிப் திறந்து, உள்ளே காலியாக. அத்தான் வேஷ்டியில், இடுப்பு வெறுமையாக, என்னவோ ஒல்லியாகிவிட்டவர் மாதிரி நின்றார். நித்யாவிடம் பையைத் தள்ளினார்.

"இதுல வச்சுக்கோ. எந்த மேனேஜர் கேட்டாலும், அப்பா குடுத்த பை, கழட்ட மாட்டேன்னு சொல்லிரு."

நித்யா அதை வாங்கி அங்கேயே இடுப்பில் கட்டினாள். போட்டிருந்த பேன்ட்டுக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை. கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள், கூட அக்காவும் ஆரம்பித்தாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம். ஐரா மட்டும், அம்மா, ப்ளீஸ், நாட் யூ டூ என்றது.

அப்போ உங்க பாஸ்போர்ட் எங்கே அத்தான் என்று கேட்டேன். உங்க அக்காகிட்ட குடுத்துட்டேன், இனி அவ விட்டாத்தான் ஊருக்கு என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, கேட்டு வாங்குங்க பார்ப்போம் என்றாள். அதோடு அத்தான், போஸ்டர்காரப் பையனிடம் சொல்லி, அடுத்த தடவை உன் தலைப்பை முழுசாப் போடச் சொல்லுதேன் என்று எனக்கும் ஒரு சலுகை அறிவித்தார். என் போட்டோவைக் குறைத்தாலும் பரவாயில்லை என்றேன்.

விமான நிலையத்தில் நித்யா, தன் போனில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டதைக் காட்டினாள். சோதனை வரிசைக்குள் போனேன். முன்னால் ஒருவர் பெல்ட்டைக் கழற்ற மாட்டேன் என்று அதிகாரியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார், வரிசை நகரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அத்தான் இன்னும் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நித்யாவின் ஒரு கை இடுப்புப் பையின் மேல் இருந்தது. அத்தான் எனக்கு இரண்டு கையாலும் டாட்டா காட்டினார்.